முதல் சக்கரத்திலிருந்து

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என் உயிர் என்னிடம் இல்லை. ராஜகிரி மலைமேல் இருக்கும் கமலக்கண்ணி அம்மன்தான் அதைத் திருப்பிக் கொடுத்தாள். அவளை நம்புகிற உங்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செஞ்சியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். என் ஒரே மகள் செல்வி வெளிமாநில விமான நிலையம் ஒன்றில் டெக்னீஷியன். விமானம் கிளம்பும் முன் சக்கரங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அப்பனும் டயர், மகளும் டயர் என்று தெருவே கேலி செய்யும். எனக்கு அதில் பெருமைதான்.

அன்று காலை, ஊரில் கூழ் ஊற்றுகிறோம், லீவு கிடைக்குமா என்று கேட்க அவளைக் கூப்பிட்டேன்.

"டயர் பாத்துக்கினு இருக்கேன் நைனா, வெச்சிடு" என்றாள். நான் வைக்கவில்லை. இன்னும் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

மதியம் டீக்கடை டிவியில் செய்தி. அவள் வேலை செய்யும் இடத்தில், ஒரு விமானம் மேலே எழும்ப ஓடும்போதே ஓடுபாதையை விட்டு விலகிப் புல்தரையில் இறங்கிவிட்டதாம். சிலருக்குக் காயம். என்ன காரணமாக இருக்கலாம் என்று டிவியிலேயே பேச ஆரம்பித்தார்கள். பக்கவாட்டுக் காற்று தள்ளியிருக்கலாம். மழைத்தண்ணீரில் வழுக்கியிருக்கலாம். ஒரு பக்க இன்ஜின் மட்டும் இழுத்திருக்கலாம். கடைசியாக ஒருவர், டயர் வெடித்திருக்கலாம், சரியாகச் சோதிக்காமல் விட்டிருக்கலாம் என்றார். அவர்கள் சொல்லாத ஒரு காரணம் எனக்குத் தெரியும். என் போன்.

செல்வியைக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடியும் சுவிட்ச் ஆஃப்.

"இன்னா அண்ணே, மூஞ்சி இப்படி இருக்குது?" என்றார் டீக்கடைக்காரர். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். என் கடைக்கு வந்து மலையைப் பார்த்து நின்றேன். "தாயே, தப்பு என்னுது. அவள உட்டுடு" என்று அழுதேன். முட்டி வலித்தாலும் படியேறி வந்து மாவிளக்கு போடுகிறேன் என்று வேண்டினேன். காயம்பட்டவர்கள் நினைவே வரவில்லை. பிறகுதான் வெட்கப்பட்டு அவர்களையும் சேர்த்துக் கேட்டேன்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"விசாரணைன்னு எல்லார் போனையும் வாங்கி வெச்சிட்டாங்க நைனா. காலைல நான் பாத்த பிளேன்தான் அது. டயரு ஒண்ணும் ஆகல, முழுசா இருக்குது. எங்க மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க."

"நான் நடுவுல போன் பண்ணிட்டேனே செல்வி."

"அதனாலதான் முதல் சக்கரத்துலேர்ந்து திரும்பப் பாத்தேன். நடுவுல யாராவது கூப்ட்டா அப்படித்தான் செய்யணும், அது எங்க ரூல். ஒரு வால்வு மூடி லூசா இருந்துச்சு நைனா. ரெண்டாவது தடவைதான் கண்ல பட்டுச்சு, இறுக்கிட்டேன்."

ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

காயம்பட்ட எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். காற்றா, மழையா, வேறு கோளாறா என்று இன்னும் விசாரிக்கிறார்கள். நான் படியேறி மாவிளக்கு போட்டுவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் வேலை நேரத்தில் மகளைக் கூப்பிடுவதில்லை. என் கடையிலும், யாராவது நடுவில் பேச்சுக் கொடுத்தால் முதல் நட்டிலிருந்து மறுபடி முடுக்குகிறேன். வண்டிக்காரர்கள் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

நான் செய்த தப்பையே என் மகளுக்குக் காவலாக மாற்றியவள் அந்த அம்மன். உங்களுக்கும் நெஞ்சு அடைக்கிற நாள் வந்தால், தயங்காமல் கூப்பிடுங்கள். எந்த வேலைக்கு நடுவிலும் அவளைக் கூப்பிடலாம்.