மங்கிய பின்ஜன்னல்

பாறசாலையில் கார்களுக்குத் துணிக்கூரை தைத்துவந்தார் பொன்னுதாஸ். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைப் பிரிக்கக் கோரி எல்லைப் போராட்டம் மூண்ட வருடம், கூரை கிழிந்த தன் காரைக் கொண்டுவந்தார் சதாசிவன்.

"பின்ஜன்னலுக்கு கண்ணாடி போடவா சாறே, பிளாஸ்டிக்கா?"

"எது நல்லது?"

"எங்கயும் கல்லெறியாக்கும். கண்ணாடி உடஞ்சா பிள்ளைகளுக்க கண்ணு போவும். பிளாஸ்டிக் போதும்."

வெயில் பட்டுப்பட்டு அந்தப் பிளாஸ்டிக் மஞ்சளித்து மங்கியது. குளத்தூரில் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துக் கலைத்த அன்று, பயந்துபோன சதாசிவன் காரைப் பின்னுக்கு எடுத்தார். பின்னால் ஓடிவந்த தங்கப்பன் சக்கரத்தில் சிக்கிச் செத்தான். அவன் பொன்னுதாஸின் தம்பி.

அடக்கத்துக்கு வந்த சதாசிவன் வாசலிலேயே அழுதார்.

"பின்னால ஒண்ணும் தெரியல்ல, பொன்னுதாஸ்."

"தெரியாது சாறே," என்றார் பொன்னுதாஸ். "பிளாஸ்டிக் போதும்னு சொன்னது நானாக்கும்."