அசல் ரப்பர்

என் வீட்டுக்காரர் எதையும் லேசில் நம்ப மாட்டார். இருபத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட குணம் அது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டுக்குள் கால் வைக்கும் முன் சோதனைத் தேதி எழுதிய அட்டையைப் பார்ப்பார். தேதி ஒரு நாள் தாண்டியிருந்தாலும் படிதான். ஒருமுறை பல்வலியில் துடித்துக்கொண்டிருந்த என்னை ஆறு மாடி ஏறவைத்துத்தான் டாக்டரிடம் காட்டினார். மேலே போய்ச் சேர்ந்தபோது பல்வலி மறந்து முட்டிவலி வந்திருந்தது.

அவர் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து சிவப்பு அட்டைகள் இருக்கும். பழுது கண்ட லிஃப்டின் கதவில் ஒன்றைக் கட்டிவிடுவார். அதில் இரண்டே வரி. மேலே 'காரணம்', கீழே 'சரிபார்த்தவர்'. கட்டியவரே கீழ்வரியில் கையெழுத்துப் போடக்கூடாது. இன்னொருவர் காரணத்தைப் படித்து, அது தீர்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அட்டையை அவிழ்க்கலாம். கட்டட முதலாளியே வந்து கெஞ்சினாலும் அதற்கு முன் லிஃப்ட் நகராது. ஒரு துணிக்கடையில், லிஃப்டின் அடிக்குழியில் இருக்கும் ரப்பர் கட்டையில் முடியளவு விரிசல் என்று நாலு நாள் லிஃப்டையே நிறுத்திவைத்தார். "ரப்பர்தானே சார்" என்று மேனேஜர் இழுத்ததற்கு, "எல்லாம் கைவிட்ட பிறகு தாங்கறது ரப்பர்தான்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். வீட்டிலும் அதைப் பெருமையாகச் சொன்னார். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

இப்பேர்ப்பட்டவர் ஆறு வருடத்துக்கு முன் 'மசில் கார்' எனப்படும் முரட்டு இன்ஜின் கார் ஒன்றை வாங்கினார். அவர் பிறப்பதற்கும் முன்னால் செய்த வண்டி. இரண்டே கதவு, நீளமான மூக்கு, அதற்குள் எட்டு சிலிண்டர் இன்ஜின். யாரோ ஒருவருடைய கொட்டகையில் கிடந்ததைப் பாதி வண்டியாகவும் பாதி பதினேழு அட்டைப்பெட்டிகளாகவும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெட்டிகள் என் சமையலறை வரைக்கும் வந்து உட்கார்ந்தன. கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேஜையில்தான் பிரித்தார். ஒவ்வொரு ஸ்குருவையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, முட்டை வைக்கும் தட்டில் வரிசையாக அடுக்கினார். சக்களத்தி வந்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சக்களத்தியாக இருந்தால் இவ்வளவு பெட்ரோல் குடிக்க மாட்டாள் என்றேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த வண்டி பிடித்திருந்தது. நான் பஸ் டிரைவர். பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறேன், ஒருவர் மேலும் கீறல்கூட விழுந்ததில்லை. காலையில் சாவியைத் திருப்பியதும் ஒரு இன்ஜின் எப்படி இருக்கிறது என்பது எனக்குக் காதிலேயே தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்த எட்டு சிலிண்டரையும் எழுப்பும்போது வாசல் தரை அதிரும். என் காலும் சேர்ந்து அதிரும். வெளியே மட்டும் "ஊரையே எழுப்பாதீங்க" என்று கத்துவேன்.

பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை மைதானத்தில் கூடுவார்கள். அங்கே சோதனை செய்து சான்றிதழ் தருபவரை எல்லோரும் மீசைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்து, ஒவ்வொரு பாகத்திலும் தொழிற்சாலை பதித்த எண்ணைத் தேடுவார். எல்லா எண்ணும் இருந்தால் 'அசல்' என்று சான்றிதழ். ஒன்று குறைந்தாலும் இல்லை. என் வீட்டுக்காரர் ஆறு வருடமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தவம் கிடந்தார். மூச்சுக்கு முந்நூறு தடவை அசல், அசல்.

இந்த வருடம் சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போது லிஃப்ட் குழியில் இறங்கியவர் இடது முழங்காலைப் பிசகிக்கொண்டார். அந்த வண்டியின் கிளட்ச் கல்லு மாதிரி. கட்டுப்போட்ட காலால் மிதிக்க முடியாது. "நீ ஓட்டு" என்றார். ஆறு வருடத்தில் சாவியை என் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஒத்திகைக்காகத் தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன். கியர் போட்டுக் கிளட்சை விடும்போதெல்லாம் முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். மூடியிட்ட பெட்டிக்குள் ஏதோ புரண்டு படுப்பது போல.

"அது என்ன சத்தம்?"

"எது?"

"டொக்குன்னு கேக்குதே. உங்களுக்குக் கேக்கலையா?"

"பழைய வண்டி. அப்படித்தான் பேசும்."

"பஸ்ல இப்படிக் கேட்டா டிப்போவ விட்டே எடுக்க மாட்டேன்."

"இது பஸ் இல்லம்மா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

சோதனை நாள் காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். மேலெல்லாம் மெழுகு போட்டுத் துடைத்து வண்டி பளபளவென்று இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் பக்கத்து சீட்டில் புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் அந்த 'டொக்' கூடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் தொண்டையைக் கனைத்தார்.

மைதானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மேம்பாலம். ஏறி இறங்கினால் இறக்கம் முடியும் இடத்தில் ஆட்கள் கடக்கும் வெள்ளைக்கோடு. அதைத் தாண்டினால் மைதானத்தின் கேட். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் கொஞ்சம் அழுத்தினேன். 'டொக்' என்று கேட்கவில்லை. 'மடார்' என்று கேட்டது.

இன்ஜின் மூடி என் கண்ணெதிரே ஒரு பக்கமாக எம்பியது. வண்டி பாய்ந்தது. நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் பாய்ந்தது. பெடல் தானாகவே கீழே இறங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. உச்சியைத் தாண்டி இறக்கத்துக்கு வந்துவிட்டோம். கீழே வெள்ளைக்கோட்டில் ஒருவர் தண்ணீர் கேன் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெதுவாகக் கடந்துகொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

கிளட்சை அடிவரை மிதித்தேன். சக்கரங்களிடமிருந்து பிரிந்த இன்ஜின் காது கிழிய அலறியது. அப்போது பக்கத்து சீட்டிலிருந்து அவர் கத்தினார்.

"கிளட்ச விடு! விடு! இன்ஜின் வெடிச்சிரும்!"

விட்டால் இன்ஜின் பிழைக்கும், வண்டி அந்த ஆள்மேல் பாயும். நான் விடவில்லை. ஒரு கையால் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். பழைய பிரேக், பஸ்ஸில் இருப்பது போல் காற்றின் உதவியெல்லாம் கிடையாது. சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தேன் என்றே சொல்ல வேண்டும். டயர் தீய்ந்த நாற்றம் வந்தது. தண்ணீர்க்காரர் திரும்பிப் பார்த்தபோது வண்டியின் மூக்குக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. அவர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். திட்டுவதற்கு ஆள் உயிரோடு இருக்கிறாரே, அது போதும்.

அவரே அப்புறம் மனமிரங்கி, வண்டியை ஓரமாகத் தள்ளவும் உதவினார்.

மூடியைத் திறந்தோம். எட்டு சிலிண்டர் இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் இடது பக்க ரப்பர் இரண்டாகப் பிய்ந்திருந்தது. பிடி விட்டதும் இன்ஜின் மேலே எம்பி, ஆக்சிலரேட்டர் கம்பியைத் தானே இழுத்து வளைத்துக்கொண்டது. ஒரு ரப்பர்தான். உள்ளங்கை அளவு இருக்கும். பிய்ந்த வாயில் விளிம்பு முழுக்க மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. அந்தப் பசை என்னவென்று எனக்குத் தெரியும். என் செருப்பை ஒட்ட அவர் வாங்கி வைத்த டியூப்.

"இத எப்ப ஒட்டுனீங்க?"

அவர் குனிந்து டயரைப் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"நாலு மாசம் ஆச்சு."

"அப்ப விரிசல் விட்டது தெரியும்."

"புதுசு போட்டா அதுல நம்பர் இருக்காது. சோதனை முடிஞ்ச மறுநாளே மாத்திடலாம்னு நெனச்சேன். நாலு கிலோமீட்டர்தானேன்னு..."

துணிக்கடை மேனேஜர் 'ரப்பர்தானே' என்று இழுத்தது அப்படியே என் காதில் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு மைதானத்திலிருந்து மீசைக்காரர் ஓடிவந்தார். எங்களைப் பார்க்கவில்லை, நேராக இன்ஜினைப் பார்த்தார். குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பிய்ந்த ரப்பரை விரலால் துடைத்தார். முகம் மலர்ந்தது.

"நம்பர் முழுசா இருக்கே! இந்த ரப்பரோட இப்ப யாருகிட்டயும் வண்டி இல்ல. கவலையே படாதீங்க. தள்ளிக்கிட்டு வந்துடுங்க, நின்ன இடத்துலயே பாத்துக் கையெழுத்துப் போட்டுடறேன்."

என் வீட்டுக்காரர் கேட்டைப் பார்த்தார். இருநூறு அடி இருக்கும். ஆறு வருடம் தேடிய வார்த்தை அந்தக் கேட்டுக்கு உள்ளே இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லி அவர் கேட்டால் அது என் முடிவாகிவிடும்.

அவர் சட்டைப் பைக்குள் கையைவிட்டு ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார். காரின் கூரைமேல் வைத்து எழுதினார். நொண்டிக்கொண்டே சுற்றி வந்து ஸ்டியரிங்கில் கட்டினார்.

"வண்டி இன்னைக்கு ஓடாதுங்க" என்றார் மீசைக்காரரிடம்.

"ஓட வேண்டாமே, தள்ளத்தானே சொல்றேன்!"

"தள்ளவும் கூடாதுங்க. அட்டை கட்டியாச்சு."

மீசைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு போனார். வண்டியை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

மூன்று வாரத்தில் முழங்கால் சரியாயிற்று. இரண்டு பக்கமும் புது ரப்பர் போட்டார். இன்ஜின் எம்பாமல் இருக்கக் கூடுதலாக ஒரு இரும்புக் கயிறும் கட்டினார், லிஃப்ட்காரர் அல்லவா. அசல் ரப்பரைக் குப்பையில் போட்டதை நானே பார்த்தேன். எல்லாம் முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வந்து பாரு. பாத்துட்டுக் கையெழுத்துப் போடு."

குனிந்து எல்லாவற்றையும் பார்த்தேன். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அட்டையைப் படித்தேன். 'காரணம்: இன்ஜின் ரப்பர் பிய்ந்தது.'

"காரணம் சரியில்ல" என்று பேனாவை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு பழைய வரியை அடித்துவிட்டு 'விரிசல் விட்ட ரப்பரைப் பசைபோட்டு ஒட்டியது' என்று எழுதியிருந்தார். "இதுவும் சரியில்ல" என்றேன். "வேற என்னதான் எழுதச் சொல்றே?" என்று எரிந்து விழுந்தார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் பேச்சு குறைந்தது. சாப்பாடு, சாவி, எத்தனை மணிக்கு வருவாய், இவ்வளவுதான். இரண்டு தடவை, அவர் தூங்குகிறார் என்று நினைத்து நான் திரும்பிப் படுத்தபோது விழித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கும் பயமாக இருந்தது. அவர் எழுதவே இல்லை என்றால் இந்த மனிதரோடு மீதி நாளை எப்படி ஓட்டுவது என்று பயந்தேன்.

ஐந்தாவது ஞாயிறு நான் பார்த்தபோது அட்டையில் இடமே மிச்சமில்லை. அடித்த வரிகளுக்குக் கீழே, ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார்.

'தெரிந்தே இவளிடம் ஓட்டக் கொடுத்தேன். கிளட்சை விடச் சொன்னேன்.'

அவர் வாசலில் நின்று, துடைத்த ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. நான் பேனாவை வாங்கி, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன். அட்டையை அவர் அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்ததால் நேரம் பிடித்தது. சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்க" என்றேன். "அன்னைக்கு நீங்க உக்காந்த எடத்துல நான் உக்கார்றேன்."

அவர் ஓட்டினார். எட்டு சிலிண்டரையும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் சைக்கிள் உருட்டும் வேகத்தில் ஓட்டினார். மேம்பாலத்தின் உச்சியிலேயே பிரேக்கில் கால் வைத்துவிட்டார். கீழே வெள்ளைக்கோட்டில் யாருமே இல்லை. இருந்தும் நிறுத்தினார். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடிக்க அடிக்க, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என்னையும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் கிளட்சை விட்டார்.