கூட்டிவிட்டு வந்த தீவு

ஈர மணலில் ஈர்க்குமாறு இழுபடும் சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்தபடி ஒரே திசையில் கூட்டிக்கொண்டு போவார்கள். சிறுபிள்ளைகளாகிய நாங்கள் பின்னால் நடந்து, சிப்பியும் மீன்செதிலும் அறுந்த வலைத்துண்டும் பொறுக்கிச் சாக்கில் போடுவோம். வாடியைப் பிரித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பும் நாளின் சத்தம் அது.

கற்பிட்டிக் கடலில் உச்சமுனைக்கு அப்பால் கிடக்கும் ஒரு சின்ன மணல்தீவைத்தான் சொல்கிறேன். நாங்கள் அதைத் 'திட்டி' என்போம். எங்கள் ஊர் சிலாபப் பக்கம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று அடங்கிக் கடல் படிந்ததும், சொந்தக்காரக் குடும்பங்கள் எல்லாம் பாய், சட்டி, கோழி, பிள்ளைகளோடு வள்ளங்களில் ஏறி அங்கே போய், தென்னங்கிடுகால் 'வாடி' என்கிற குடிசைகள் அடித்து, அடுத்த சோளகம் எழும்பும்வரை மீன்பிடித்துக் கருவாடு போட்டு வாழ்வோம். அந்தோனியார் சுரூபத்தை அம்மாதான் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். பாதி வருஷம் பள்ளிக்கூடம் தவறிப்போனதால் எனக்குப் படிப்பு அதிகம் ஏறவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கும் பழக்கமும் வரவில்லை.

திரும்பும் நாளில் கிடுகும் கம்பும் வள்ளத்தில் ஏறும். கம்பு பிடுங்கிய குழிகளை மூடுவோம். அடுப்புச் சாம்பலைப் புதைப்போம். மணலைத் தோண்டி, அடியில்லாத 'பீப்பா' ஒன்றை இறக்கி வைத்ததுதான் எங்கள் கிணறு. அந்தப் பீப்பாவையும் இழுத்தெடுத்து, ஆமை விழுந்து சாகக்கூடாதென்று அந்தக் குழியையும் நிரப்புவோம். அம்மாவின் தமையன், எங்கள் வாடிக்கெல்லாம் மூத்தவரான மாமா, கடைசியாக ஒருமுறை தீவைச் சுற்றி நடந்து பார்ப்பார். நான் கெந்தி விளையாடக் கீறிய கோடுகளைக்கூட ஒருமுறை என்னைக் கொண்டே அழிக்கவைத்தார். "கடல் தந்த இடம் புள்ள. வந்தபோது இருந்த மாதிரியே திருப்பிக் குடுக்கோணும்" என்றார். கோடுகளை அழித்துவிட்டு வள்ளத்தில் ஏறி அழுதது ஞாபகம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வருவோம். வாடிக் குடும்பங்களில் அந்த வருஷம் பிள்ளை பிறந்தால், தகப்பன் அங்கே ஒரு தென்னம்பிள்ளை நடுவார். காற்றுக்கு ஒன்றையொன்று தாங்கும் என்று, வலைக்கயிற்றை இழுத்துப் பிடித்து நேர்கோட்டில்தான் நடுவார்கள். முதலாவது என் அண்ணன் இன்னாசியுடையது. மூன்றாவது என்னுடையது. குரும்பை விழுந்தால், "உன்ர மரத்துக்கும் உன்னைப்போலத்தான், வாய் திறக்காது, பொத்துப் பொத்தெண்டு கொட்டத்தான் தெரியும்" என்று அண்ணன் பகிடி பண்ணுவார்.

சண்டைக் காலத்தில், நேவிக்காரர் போகலாம் என்றால் போனோம், கூடாது என்றால் கரையில் நின்றோம். அந்த வருஷங்களில் எங்களைப் படம்பிடிக்க ஒருவரும் வரவில்லை. சண்டை முடிந்த பிறகுதான் கற்பிட்டிப் பக்கம் எல்லாருக்கும் அழகாகத் தெரிந்தது.

இப்போது ஆவணப்படங்கள் நிறைய வருகின்றன. அரசியல், சரித்திரம், சமயம், கலை, விஞ்ஞானம் என்று மகன் தன் போனில் போட்டுத் தருவான். பள்ளிக்கூடத்தில் விட்டதை இவற்றிலாவது பிடிக்கலாம் என்று சமையல் முடிந்ததும் ஆசையாகப் பார்ப்பேன். படத்தில் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிய ஆள் நான்.

எங்கள் தீவைப் பற்றிய படத்தையும் அப்படித்தான் பார்க்கப் போனேன். தீவில் விடுதி கட்ட வந்தவர்கள் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்து, வெள்ளைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். நல்ல குரல், நல்ல தமிழ். மனிதக் காலடி படாத தீவு என்று அந்தக் குரல் தொடங்கியது. அவர்கள் படம்பிடித்தது சோளக மாதத்தில். நாங்கள் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்த பிறகு. எங்கள் கிணறு இருந்த இடத்தில் வட்டமாகப் புல் பச்சை பிடித்திருந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் முழங்காலில் இருந்து அதைத் தடவி, உப்புக் கடலுக்கு நடுவில் இயற்கை செய்த அதிசயம் என்று விளக்கம் சொன்னார். பிறகு தென்னைகள் வந்தன. கடலில் மிதந்து வந்த தேங்காய்கள் கரை ஒதுங்கித் தாமாக முளைத்தனவாம். திரை நிறைய நின்றது என்னுடைய மரம்.

விளக்குப் போட்டதும் அண்ணன் எழும்பி, மேடையில் இருந்த விடுதிக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"மாத்தயா, கடல் கயிறு பிடிச்சா தென்னை நடுகுது?"

மண்டபம் சிரித்தது. மேடையில் இருந்தவரும் சிரித்தார். வருஷா வருஷம் நாங்கள் வாடி போடும் இடம் அது, இந்த வருஷமும் போகவேண்டும், பிள்ளைகளின் சாப்பாடு அதில்தான் இருக்கிறது என்று அண்ணன் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மிக மரியாதையாகச் சொன்னார்: "ஆக்கள் இருந்த இடமெண்டா ஏதாவது மிச்சம் இருக்கோணுமே ஐயா."

நான் எழும்பினேன். பிறந்ததிலிருந்து கூட்டத்தில் நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான். "மூண்டாவது மரம் என்ர."

"மரம் கதைக்காதே அம்மா" என்றார் அவர். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

நாங்கள் களவெடுக்கவில்லை, ஒரு குழியைத் திறந்து விடவில்லை, ஒரு சிப்பியைச் சிதறி விடவில்லை. குப்பை போட்டு வைத்திருந்தால் அந்தக் குப்பை எங்களுக்குச் சாட்சி சொல்லியிருக்கும். சுத்தமாக வைத்திருந்தோம், அதைக் காட்டியே நாங்கள் இருக்கவேயில்லை என்று முடித்துவிட்டார்கள். அந்தப் படத்தை எடுத்தவர்கள் கரைக்கு வந்து ஒரு மீன்காரியிடம் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அதே படத்தில் பறவையின் முட்டையை எத்தனை தரம் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது திட்டியில் உள்ளே வரக்கூடாதென்று பலகை நட்டிருக்கிறது; காவலாளி நிற்கிறான். என் மரத்துக்கும் நான்காவது மரத்துக்கும் இடையில் விடுதிக்கு வருவோர் படுத்தாடத் தூங்குவலை கட்டியிருக்கிறது. வள்ளம் கிட்டப் போனால் கையைக் காட்டி விலகச் சொல்கிறார்கள். அந்தோனியாரை மடியில் கொண்டுபோக இனி அங்கே இடமில்லை.

இந்த முறை இக்கரையில் கிடைத்த ஒரு துண்டு மணலில்தான் வாடி போட்டோம். போன கிழமை பிரித்தோம். அண்ணனின் மருமகள் வழக்கம்போல ஈர்க்குமாற்றை எடுத்துக் குனிந்தாள். நான் போய் அதைப் பிடித்தேன்.

"என்ன மாமி, இவ்வளவு குப்பை கிடக்குது."

"கிடக்கட்டும் மகள். இதையும் வந்து படம் எடுக்கட்டும்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். கம்பு பிடுங்கிய குழிக்குள் காலால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்த அண்ணன், குழியை அப்படியே விட்டுக் காலை எடுத்துக்கொண்டார்.