வின்ச் கொக்கியைக் கழற்றிய இடம்

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை காலை, சிட்னிக்குத் தெற்கே ஓர் ஆற்றங்கரைப் படகுத்துறையில், வாடிக்கையாளர் ஒருவரின் அலுமினியப் படகைக் கொங்கிரீட் சரிவில் விழுத்திவிட்டு அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் இன்னும் பதினைந்து அடி கீழே இருந்தது. எனக்குப் பின்னால் பதினொரு வாகனங்கள் காத்திருந்தன.

நான் ஒரு படகு எஞ்சின் திருத்தும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து ஏழு கிழமை ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் தோட்டங்களுக்கு நீர் இறைக்கும் பம்ப் மெஷின் திருத்தியவன். எஞ்சின் தெரியும், படகு தெரியாது. திருத்திய எஞ்சினை ஆற்றில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகே கையளிக்க வேண்டும் என்பது முதலாளி கெவினின் சட்டம். வழக்கமாக இரண்டு பேர் போவோம். ஒருவர் படகு ஏற்றிய டிரெய்லரோடு வாகனத்தைச் சரிவில் பின்னோக்கி இறக்குவார், மற்றவர் படகின் கயிற்றைப் பிடிப்பார். அன்று மற்றவருக்குக் காய்ச்சல்.

"தனியச் செய்வியோ?" என்று கெவின் கேட்டார். அங்கே பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். அதை என் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

"ஓம்" என்றேன்.

டிரெய்லரின் முன்னால், கேபிளைக் கையால் சுற்றி இழுக்கும் வின்ச் இருக்கும். அதன் கேபிள் கொக்கிதான் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். படகின் பின்பக்கம் தண்ணீரில் மிதக்கத் தொடங்கிய பிறகே அதைக் கழற்ற வேண்டும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது திங்களும் விடுமுறையான நீண்ட வார இறுதி, துறையில் கூட்டம். நான் சரிவின் உச்சியில் நின்று கயிறு கட்டும்போதே பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தது. சிவப்புத் தாடிக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏய் மேட், இண்டைக்கு இறக்குவியோ, நாளைக்கோ?"

கீழே போய்க் கழற்றும் அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று கொக்கியை மேலேயே கழற்றிவிட்டேன். பாதிச் சரிவில் டிரெய்லர் கோணியது. பிரேக் போட்டேன். வாகனம் நின்றது, படகு நிற்கவில்லை. டிரெய்லரின் ரோலர்களில் உருண்டு இறங்கி, அதன் பின்பக்கம் கொங்கிரீட்டில் இடித்தது. அந்தச் சத்தத்தோடு ஹோர்ன்களும் நின்றன.

தாடிக்காரர் இறங்கி வந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"பெரிய ஓட்டை ஒண்டும் இல்லை. ஏன் சும்மா நிக்கிறாய்? ஆக்களைக் கூப்பிடு."

அவரே கையைத் தட்டி நாலு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் மூக்கைத் தூக்கிப் பிடிக்க, நான் டிரெய்லரை அடியில் விட்டு, கொக்கியை மாட்டி, வின்ச்சைச் சுற்றி இழுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பட்டறையில் கெவின் படகின் அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு முழ நீளத்துக்குக் கீறல். அடித்தகட்டைப் பிணைக்கும் இரண்டு ரிவெட் ஆணிகள் நசிந்திருந்தன.

"பெயின்ட் அடிச்சுவிடு. ஆர்தர் என்ன, கீழ படுத்துப் பாக்கவோ போறான்?"

ஆர்தர்தான் படகின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். நடக்க முடியாத மனைவியை ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்கி வைத்து ஆற்றில் கொண்டுபோவார். பெயின்ட் டின்னைத் திறந்தேன். தூரிகையை நனைக்க மனம் வரவில்லை. ஆர்தருக்கு டெலிபோன் எடுத்தேன்.

"படகை நான் விழுத்திப்போட்டன். வந்து பாருங்கோ."

வந்தார். படகுக்குள் ஹோஸ் பைப்பை விட்டுக் கணுக்கால் அளவு தண்ணீர் நிரப்பச் சொன்னார். மூன்று பேரும் குந்தியிருந்து அடியைப் பார்த்தோம். ஒரு ஆணியிலிருந்து சொட்டத் தொடங்கியது, பிறகு மற்றதிலிருந்தும். கெவின் எழுந்து போய்ப் பெயின்ட் டின்னை மூடினார்.

"என்ர மனுசிக்கு நீந்தத் தெரியாது" என்றார் ஆர்தர். சொட்டிய ஆணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆணியை மாத்து. ஆனால் இனி இந்தப் படகைத் துறைக்கு நீ கொண்டுபோகாதை" என்றார்.

அவர் சொன்னது நியாயம். ஆணிகளை மாற்றி, மறுபடி தண்ணீர் நிரப்பிச் சோதித்துக் கொடுத்தேன். பிறகு அவர் வந்தபோதெல்லாம் எஞ்சினை என்னிடம்தான் தருவார். படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு வேறு ஆளைக் கேட்பார். நான் அங்கே இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். அவர் அந்தச் சொல்லை மாற்றவேயில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். துறையில் பின்னால் நிற்பவனுக்கு அரை நிமிடம் பிந்தினால் ஒன்றும் கெட்டுப்போகாது. படகு விழுந்தால் தூக்கிவிட நாலு பேர் வருவார்கள். பெயின்ட்டுக்கு அடியில் இருக்கிற கசிவு மட்டும், நடு ஆற்றில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியவரும்.