ஐந்தருவியில் ஒரு நீண்ட ஜெபம்

சீசனில் குற்றாலத்துக்கு எல்லோரும் குளிக்கப் போவார்கள். போன ஆடி மாதம் நாங்கள் அந்தப் பக்கம் போனது ஒரு ஜெபத்துக்காக. என் தம்பி எட்வின் இலஞ்சியில் வீடு கட்டி முடித்திருந்தான். பிரதிஷ்டைக்கு, அதாவது குடிபுகும் ஜெபக் கூட்டத்துக்கு, நாள் குறித்ததும் போன் பண்ணினான்.

"அக்கா, ஐயர் வந்து ஆராதனை நடத்துவாரு. ஆனா கடைசி ஜெபம் அத்தான்தான் பண்ணணும். மாட்டேன்னு சொல்லிரக் கூடாது."

(எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) போனை வைத்துவிட்டு அத்தானாகிய என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருந்தது. மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவருக்கு, ஞானராஜ் என்று பெயர், முந்தின வருஷம் பக்கவாதம் வந்தது. கைகால் தேறிவிட்டது. பேச்சு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கிறது, வார்த்தை வெளியே வர அடம்பிடிக்கிறது. மனப்பாடமாக இருப்பது மட்டும் தங்குதடையில்லாமல் வரும். கோவிலில், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தைச் சபையோடு சேர்ந்து ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வார். வீட்டுக்கு வந்து காப்பி வேண்டும் என்று கேட்கத் திணறுவார். இந்த நோயில் இது சகஜம், பேசப் பேசத்தான் சரியாகும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள். இவரோ பேச்சையே குறைத்துக்கொண்டார்.

இவர் யார் தெரியுமா? பாளையங்கோட்டையில் எங்கள் சபையிலேயே நீளமாக ஜெபிக்கிறவர். எந்த வீட்டுக்குப் போனாலும் கிளம்பும் நேரத்தில், "அண்ணாச்சி, ஒரு சின்ன ஜெபம்" என்பார்கள். சின்ன ஜெபமாம்! ஆதாமில் ஆரம்பித்து அந்த வீட்டுப் பேரனின் பத்தாம் வகுப்புப் பரீட்சை வரைக்கும் வருவார். நடுவில் தெருவிலுள்ள வியாதிக்காரர்கள் ஒருவர் விடாமல் பேர் பேராக வந்துபோவார்கள். எத்தனை பஸ்ஸை விட்டிருக்கிறோம் என்று கணக்கே கிடையாது. "வார்த்தையை அடுக்க வேண்டாம்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு, கொஞ்சம் சுருக்குங்களேன்" என்பேன். "அது எனக்குச் சொன்னதில்ல ஏட்டி" என்பார்.

நோய் வந்த பிறகு அவர் சொந்த வார்த்தையில் வாய்விட்டு ஜெபிக்கவே இல்லை. சாப்பாட்டு மேசையில் என்னைக் கைகாட்டிவிடுவார். எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் ஓடாது. மோசே வாய் திக்கினதால் ஆரோன் பேச வந்தான் என்று வேதத்தில் படிக்கிறோம். அந்த ஆரோனைத் தனியாக விட்டபோது பொன்னால் கன்றுக்குட்டி செய்து வைத்தான். பதிலாளின் லட்சணம் அவ்வளவுதான். எனக்கு என் மோசேயே வேண்டும் என்றிருந்தது.

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து காலையில் செங்கோட்டைக்குப் போகிற பாசஞ்சரில் ஏறினோம். தென்காசிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும். டிக்கெட் பஸ்ஸைவிட மலிவு, குலுக்கலும் கிடையாது. இடப்பக்கம் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரம் தாண்டியதும் மலை கூடவே வரும். அன்றைக்கு உச்சி முழுக்க மேகம் மூடியிருந்தது. பாவூர்சத்திரத்தில் காய்கறி மார்க்கெட்டுக்காரர்கள் நாலைந்து பேர் காலிச் சாக்குக் கட்டோடு ஏறினார்கள். அதில் எதிரே உட்கார்ந்த ஒருவர் இவரையே முறைத்துக்கொண்டு வந்தார். ஏனென்றால் இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சத்தமில்லாமல் உதட்டை அசைத்தபடி இருந்தார். ஜெபத்தை ஒத்திகை பார்க்கிறார்! உதடு மட்டும் அசைய ஜெபித்த அன்னாளைக் குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் நினைத்தானே, அந்த ஞாபகம்தான் வந்தது. நான் அந்த மார்க்கெட்டுக்காரரைத் திரும்ப ஒரு முறை முறைத்தேன். அவர் பார்வையை மாற்றிக்கொண்டார்.

தென்காசி ஸ்டேஷனில் எட்வின் ஏற்பாடு பண்ணின கார் நின்றது. டிரைவர் காதர், நாற்பது வயதிருக்கும், சவுதியில் பத்து வருஷம் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். சாயங்காலம் வரை ஆயிரத்து எண்ணூறு ரூபாய், டீசல் உட்பட. சீசன் நேரத்தில் இது நியாயமான வாடகை. இலஞ்சி அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். சாரல் முகத்தில் அடிக்க, தென்னந்தோப்புக்கு நடுவே பத்து நிமிஷத்தில் போய்விட்டோம்.

பிரதிஷ்டை நன்றாக நடந்தது. கர்த்தர் வீட்டைக் கட்டாவிட்டால் கட்டுகிறவர்களின் பாடெல்லாம் வீண் என்ற சங்கீதத்தை ஐயர் வாசித்துப் பேசினார். பிறகு எட்வின் இவரைப் பார்த்து, "அத்தான்" என்றான். எழுந்து நின்றார். ஹால் முழுக்கத் தலை குனிந்தது.

"ஆண்டவரே" என்றார். பளிச்சென்று வந்தது. எனக்கு உயிரே வந்தது. "இந்த... இந்த..." அதற்குமேல் வரவில்லை. யாரோ இருமினார்கள். ஏதாவது ஒரு வார்த்தை கொடும் ஆண்டவரே என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் சேர்ந்து சொன்னோம். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எட்வின் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். எல்லோருக்கும் திருப்திதான், அவரைத் தவிர.

என்னைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். "போவோம்."

"பந்தி போடப் போறாங்க. எங்க போவோம்?"

"அது... என் ஜெபம்... இல்ல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆண்டவரே கத்துக்குடுத்த ஜெபம். அதைவிடவா உங்க ஜெபம் ஒசத்தி?"

"ஒசத்தி இல்ல." ரொம்ப நேரம் தேடினார். "எட்வின்... பேரு... அதுல... இல்ல."

எல்லோருக்கும் பொதுவான ஜெபத்தில் தன் மைத்துனன் பெயர் இல்லையே என்று தவிக்கிற மனிதரிடம் என்ன வாதாட முடியும்? எட்வின் மனைவி புரிந்துகொண்டாள். மட்டன் பிரியாணி, அவித்த முட்டை, முறுக்கு, ஒரு சீப்பு ஏலக்கிப் பழம், எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தாள். "அருவில கொஞ்சம் நின்னா மனசு லேசாகும் மதினி. கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

மெயின் அருவியில் நிற்க இடமில்லை என்று காதர் ஐந்தருவிக்கு விட்டார். அங்கே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பக்கம். அதனால் இவரைக் காதரிடம் ஒப்படைத்தேன். தலையில் தண்ணீர் விழக்கூடாது, ஓரமாக நின்று தோளில் மட்டும் வாங்க வேண்டும், கையை விடவே கூடாது என்று மூன்று கட்டளை கொடுத்தேன். "நான் பாத்துக்கிடுதேன்க்கா, நீங்க நிம்மதியாக் குளிங்க" என்றார். எங்கே நிம்மதியாகக் குளிக்க? ரெண்டு நிமிஷத்தில் நனைந்த கோழியாக வெளியே வந்து காத்து நின்றேன்.

அவர்கள் வர அரைமணி நேரமானது. இவர் துண்டைப் போர்த்திக்கொண்டு பச்சைப்பிள்ளை மாதிரி வந்தார். காதர் என் பக்கம் ஒதுங்கி மெதுவாகச் சொன்னார். "அக்கா, அண்ணாச்சி தண்ணிக்குள்ள நின்னு சத்தமா யார்ட்டயோ பேசுதாரு. அருவி இரைச்சல்ல எனக்கு ஒண்ணும் வெளங்கல. நான் கேக்கவும் இல்ல."

உடை மாற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். "கார்ல வச்சுச் சாப்பிடுங்கக்கா. இங்கன குரங்கு ரொம்பப் பொல்லாதது" என்றார் காதர். காருக்குள் புழுங்கும் என்று நான்தான் மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் பையைப் பிரித்து வைத்தேன். ஜெபத்துக்குக் கண்ணை மூடி, என் நாலு வார்த்தையை எடுப்பதற்குள் இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆண்டவரே... தண்ணி... நல்லா இருந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணைத் திறந்துவிட்டேன். திறந்தால், எதிரே ஒரு குரங்கு. வாழைப்பழச் சீப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறது.

"எட்வின்... புது வீடு... இடி... மின்னல்... காத்துக்கொள்ளும்."

குட்டியைச் சுமந்துகொண்டு இன்னொன்று வந்தது. முறுக்குப் பொட்டலம் போனது. காதர் கம்பை எடுத்துக்கொண்டு பாய்ந்து வந்தார். நான் வேண்டாம் என்று பதறிக் கையைக் காட்டினேன். சத்தம் போட்டால் இவர் நிறுத்திவிடுவாரே! நிறுத்தினால் மறுபடி எப்போது ஆரம்பிப்பாரோ! காதர் இவர் முகத்தைப் பார்த்தார். ஓங்கின கம்போடு அப்படியே நின்றுவிட்டார்.

"காதர்... என் கை... விடல. அவரு... பிள்ளைங்க... நல்லாப் படிக்கணும்."

முட்டை போனது. காதர் கம்பை மெல்லத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"இவ..." என்றார். என் பெயர் வரவில்லை. "இவ... இவ..." நெற்றி நரம்பு புடைத்தது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வரும்போது வரட்டும். அந்த நேரம் பார்த்துப் பெரிய ஆண் குரங்கு ஒன்று பெஞ்சில் ஏறி, என் கண்ணுக்கு நேரே பிரியாணிப் பார்சலைப் பிரிக்க ஆரம்பித்தது. மட்டன் வாசம் மூக்கைத் துளைத்தது. அடுத்த நொடி குரங்கு பார்சலோடு மரத்தில் ஏறிவிட்டது.

"இவளுக்கு... பொறுமை... தாரும். ஆமென்."

"ஆமீன்" என்றார் காதர்.

இவர் கண்ணைத் திறந்தார். பெஞ்சைப் பார்த்தார். ஒரு பருக்கை மிச்சமில்லை. "ஏட்டி... சோறு?"

"கண்ணை மூடியிருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?"

காதர் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். இவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.

நமக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாதபோது ஆவியானவரே வார்த்தையில்லாத பெருமூச்சோடு நமக்காக வேண்டுகிறார் என்று பவுல் எழுதியிருப்பதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அதை ஆறுதல் வார்த்தை என்று மட்டும் நினைத்திருந்தேன். ஐந்தருவி இரைச்சலுக்குள் நின்று இவர் என்ன பேசினாரோ, ஒரு மனுஷர் காதிலும் விழவில்லை. கேட்க வேண்டியவர் கேட்டிருக்கிறார் என்று இப்போது நம்புகிறேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஆனி, ஆடி, ஆவணியில்தான் சாரல். சனி ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளம் கூடினால் உடனே குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், அதனால் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். வயதானவர்களைத் தனியாக அருவிக்குள் விடாதீர்கள். சாப்பாட்டை வெளியே பிரிக்காதீர்கள். ஜெபம் பண்ணிச் சாப்பிடுகிற குடும்பமாக இருந்தால் கட்டாயம் காருக்குள் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

பசிக்கு என்ன பண்ணினீர்கள் என்று கேட்பீர்கள். செங்கோட்டைக்குப் போகிற வழியில் பார்டர் பரோட்டாக் கடைகளுக்குக் காதர் கூட்டிப்போனார். மூன்று பேருக்கும் நாட்டுக்கோழியோடு அறுநூற்று இருபது ரூபாய். இலையில் பரோட்டாவைச் சுடச்சுடப் போட்டு, சால்னா வாளியோடு பரிமாறுகிறவர் வந்து நின்றார். வழக்கம்போல நான் கண்ணை மூடி வாயைத் திறந்தேன். இவர் மறுபடியும் என் கையைப் பிடித்தார்.

இந்தத் தடவை ஆதாமிலிருந்து ஆரம்பித்தார். பரோட்டா ஆறி விறைத்துப்போனது. சால்னாக்காரர் ரெண்டு மேசைக்கு ஊற்றிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தார். அப்போதும் இவர் நோவாவிடம்தான் நின்றுகொண்டிருந்தார். நான் சுருக்கச் சொல்லவில்லை.