அக்கா வரைந்த பிரின்டர்

திருவொற்றியூர் கடலோரத்தில் மீனவப் பெண்கள் சங்கம் ஒன்றுக்கு ஒற்றை அறையில் ஆபீஸ் இருந்தது. யாரோ தானமாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். அது படுத்துக்கொண்டால் வியாசர்பாடியிலிருந்து பஸ் ஏறிப் போய் எழுப்பிவிடுவதும் நான்தான். பென் டிரைவ் புதிதாகப் புழக்கத்துக்கு வந்த காலம்.

அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவர் நாற்பதைத் தாண்டிய ஒரு அக்கா. வருஷக்கணக்கில் கூடை தூக்கி மீன் விற்றவர். முட்டி தேய்ந்துபோனதும் சங்கத்தார் ஆபீஸ் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். தினமும் காலையில் காற்று, அலை நிலவரத்தை இன்டர்நெட்டில் எடுத்து, பிரின்ட் போட்டு, கரையில் படகு நிறுத்துமிடத்தில் ஒட்டுவார். ஆங்கிலம் தெரியாது; தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். திரையிலிருந்த சின்னச் சின்னப் படங்களைப் பார்த்தே அத்தனை வேலையும் நடந்தது.

ஒரு தடவை ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது என்று இடம் ஒழித்துக் கொடுத்தேன். ஐகான்கள் என்கிற அந்தப் படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் ஏழெட்டு ஃபோல்டர்கள் இருந்தன; ஒவ்வொன்றும் ஒரு 'தீம்', ஒரே பாணியில் வரைந்த படங்களின் தொகுப்பு. ஒரு கம்ப்யூட்டருக்கு எதற்கு இத்தனை என்று மூன்றைத் தூக்கிப் போட்டேன். மறுநாள் காலை போன் வந்தது. போய்ப் பார்த்தால் மெனு முழுக்க ஒரே படம்: வெள்ளைத் தாளின் மேல் சிவப்புப் பெருக்கல்குறி. அன்றைக்குக் கரையில் தாள் ஒட்டவில்லை. யாரையும் குற்றம் சொல்லாமல் அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் செய்த வேலைதான் என்று ஒப்புக்கொண்டேன். வேறு தீம் வைத்தால் சரியாகிவிடும் என்று, மிச்சமிருந்ததில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். படங்கள் வந்துவிட்டன. எனக்கு நிம்மதி. அக்கா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என் படம் இல்ல தம்பி. எது இன்னான்னே தெரியல" என்றார்.

முன்னால் எந்தத் தீம் இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. வீட்டிலிருந்த சி.டி.யில் நாலைந்து தீம்கள் கிடந்தன. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் தயக்கத்தைப் பார்த்த அக்கா, வீணான பிரின்ட் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு பென்சிலால் வரைய ஆரம்பித்தார்.

முதலில் பிரின்டர். அதிலிருந்து வெளியே வரும் தாளின் இடது மூலை மட்டும் கொஞ்சம் சுருண்டிருந்தது. அடுத்து ஃபோல்டர், அதன் அடியில் வலப்பக்கமாகச் சாயும் நிழல். குப்பைத்தொட்டியின் வாயில் இரண்டு கோடு. யோசிக்க நிற்காமல் பதினெட்டுப் படம் வரைந்தார். அதே திரையை மாதக்கணக்காகப் பார்த்தவன் நான். அந்தச் சுருண்ட மூலை என் கண்ணில் பட்டதே இல்லை.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் கம்ப்யூட்டரில் சி.டி.யைப் போட்டு ஒவ்வொரு தீமாகத் திறந்து பார்த்தேன். மூன்றாவதில் பிரின்டரின் தாள் இடது மூலையில் சுருண்டிருந்தது. அக்கா வரைந்ததை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பதினெட்டும் சரி.

அடுத்த நாள் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டேன். பாதிப் படம் வந்தது, பாதி வரவில்லை. தீமின் ஃபோல்டரில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு இருந்தது, திறந்து படித்தேன். என்னிடம் இல்லாத படத்தை இன்னொரு தீமிடம் போய்க் கேள் என்று அதில் ஒரு வரி. அந்த இன்னொன்றையும்தான் நான் அழித்திருந்தேன். அதையும் கொண்டுவந்து சேர்த்த பிறகும் மீதிப் படங்கள் வரவில்லை. எந்தப் படம் எங்கே என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருந்த பழைய பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தேன். மெனுவைத் திறந்ததும் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

அக்கா முதல் வேலையாக நிலவரத்தை எடுத்து, பிரின்ட் போட்டு, கரைக்குப் போய் ஒட்டிவிட்டு வந்தார். வந்த பிறகுதான் இந்தப் படங்களெல்லாம் எங்கே கீது, யார் போட்டது என்று கேட்டார். ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். நூற்றுக்கணக்கில் படங்கள், ஒவ்வொன்றும் மூன்று நான்கு அளவில். வரைந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் இருந்தது. எந்தெந்த நாட்டுக்காரர்களோ. சும்மா வரைந்து கொடுத்தவர்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்றேன். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எனக்கு வாயில் நுழையாத பெயர்களையும் விடவில்லை.

பிறகு ஒரே பிரின்டரின் பெரிய படத்தையும் சின்னப் படத்தையும் பக்கத்தில் வைக்கச் சொல்லி, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

"சின்னதுல இந்தக் கோட்ட வுட்டுட்டான் பாரு. போட்டிருந்தா கலீஜா பூட்டிருக்கும். தெரிஞ்சிதான் வுட்டுக்கீறான்."

நானும் குனிந்து பார்த்தேன். உண்மைதான். சின்ன அளவுக்கு வரும்போது ஒரு கோட்டைக் கைவிட்டு, மிச்சத்தைக் கொஞ்சம் தடிப்பாக்கி, யாரோ அதை முதலிலிருந்து மறுபடி வரைந்திருக்கிறார். நகக்கண் அளவுகூட இல்லாத படம் அது. கடலுக்கு அப்பால் முகம் தெரியாத ஒருவர் செய்த அந்த வேலையைத் திருவொற்றியூரில் ஒரு அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

"நம்ம ஒண்ணு வரைஞ்சி போட்டா இது ஏத்துக்குமா?" என்று கேட்டார்.

ஏத்துக்கும் என்றேன். மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் மத்தியான வேளைகளில் உட்கார்ந்து, நிலவரம் வைக்கும் ஃபோல்டருக்கு நுரை பொங்கும் ஓர் அலை வரைந்தார். அடுத்த தடவை போனபோது அதைத் தீமில் சேர்த்துக் கொடுத்தேன். சின்ன அளவுக்குத் தனியாக இன்னொன்றும் வரைந்து வைத்திருந்தார். அதில் நுரை இல்லை.