பதினேழு அடித்த அட்டைகள்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு நொட்டை அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று பேசுகிறவர்கள், உள்ளேயும் ஒரு ஆள் இருக்கலாம் என்று யோசிப்பதில்லை. அப்படித்தான் அவளுக்குத் தெரிய வந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து, வீடு வீடாக நிரப்பிய படிவங்கள் லாரி லாரியாக வந்து இறங்கியிருந்த காலம் அது. கம்ப்யூட்டர் அவற்றைப் படிக்க வேண்டுமென்றால் முதலில் துளைகளாக மாற்ற வேண்டும். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு எண்பது கட்டம். வயது, படிப்பு, தொழில் எல்லாம் எண்களாகி அந்தந்தக் கட்டத்தில் ஓட்டையாக விழும். காலை ஷிப்டில் நாற்பது பெண்கள் துளை போட்டார்கள். பிற்பகலில் பன்னிரண்டு பேர் சரிபார்த்தார்கள். அவள் அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி.

சரிபார்ப்பது என்றால் கண்ணால் பார்ப்பதல்ல. அதே படிவத்தை வைத்துக்கொண்டு அதே எண்களை மறுபடியும் அடிக்க வேண்டும். இவள் அடிப்பதும் அட்டையில் உள்ள துளையும் ஒத்துப்போனால், இயந்திரம் அட்டையின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்து அனுப்பிவிடும். இல்லையென்றால் விசைகள் இறுகிக்கொள்ளும், சிவப்பு விளக்கு எரியும். மூன்று முறை அடித்தும் சேராவிட்டால் அந்தக் கட்டத்துக்கு நேர் மேலே வெட்டு விழும். தப்பு, துளை போட்டவளின் எண்ணுக்கு எதிரே குறிப்பேட்டில் ஏறும். ஒரு வாரத்தில் இருபதைத் தாண்டினால் அவளை இயந்திரத்திலிருந்து எழுப்பிவிடுவார்கள்.

மற்ற பதினோரு பேரும் வேண்டியவர்களின் தப்பை எழுதாமல் விட்டுவிடுவார்கள் என்பது இவளுக்குத் தெரியாது. தெரிந்தபோது காலை ஷிப்ட் முழுவதும் அவளிடமிருந்து முகம் திருப்பியிருந்தது. இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது வராந்தாவில் எதிரே வருகிறவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு கடந்து போவார்கள்.

வீட்டிலும் பேச ஆளில்லை. அம்மா போன பிறகு ஒரு வருடம் அண்ணன் வீட்டில் இருந்து பார்த்தாள். அண்ணி மரியாதையாகத்தான் நடத்தினாள். விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை. அதைத்தான் தாங்க முடியவில்லை. வேறொரு வீட்டு மாடியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு. இரண்டாவது தட்டு வாங்கலாமா என்று கடையில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பியதும் உண்டு.

துளை போட்ட அட்டைகள் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக்கட்டாக வரும். மேலே ஒரு சீட்டு இருக்கும். அதில் பகுதி எண், அட்டைகளின் எண்ணிக்கை, போட்டவளின் எண். பதினேழாம் எண்ணின் கட்டு வந்தால் அவளுக்கு மனசு லேசாகும். ஐந்நூறு அட்டைக்கு ஒரு தப்பு இருக்காது. விளக்கு எரியாமல், விசை இறுகாமல், விரல்கள் பாட்டுக்கு ஓடும். காலையில் யாரோ நடந்த தடத்திலேயே மாலையில் காலை வைத்து நடப்பதுபோல இருந்தது அது.

ஒருநாள் பதினேழின் சீட்டில் ஓரமாகப் பென்சிலால் எழுதியிருந்தது: "இந்தப் பகுதியில் கணக்கெடுத்தவர் ஒன்றையும் ஏழையும் ஒரே மாதிரி எழுதுகிறார். பார்த்து அடிக்கவும்."

வேலைக்குச் சேர்ந்த ஆறு மாதத்தில் அவளுக்கு என்று ஒருவர் எழுதிய முதல் வரி அது. சரிபார்த்த படிவங்கள் மறுநாள் காலை திரும்பிப் போகும்போது, அவற்றுடன் ஒரு துண்டுத்தாளை வைத்தாள்: "பார்த்தேன். நன்றி."

அப்படித் தொடங்கியது. "மழையில் கூரை ஒழுகுகிறது, மூன்றாவது நாற்காலியில் உட்காராதீர்கள்." "நேற்று உங்கள் கட்டு வரவில்லையே?" "காய்ச்சல். இப்போது பரவாயில்லை." ஒரு படிவத்தில் நூற்று நாற்பது வயதுக் கிழவருக்கு மாணவர் என்று தொழில் போட்டிருந்ததைப் பதினேழு எழுதி அனுப்பியபோது, இயந்திரத்தின் முன்னால் தனியே உட்கார்ந்து சிரித்தாள். பக்கத்து இயந்திரக்காரி திரும்பிப் பார்த்தாள்.

அந்த ஆளின் உருவத்தை அவளே கற்பனை செய்துகொண்டாள். தன் வயதுதான் இருக்கும். ஒல்லியாக, சிரித்த முகமாக. ஒரு காலை சீக்கிரம் போனால் பார்த்துவிடலாம். ஏனோ தள்ளிப்போட்டாள்.

பிறகு ஒரு வாரம் பதினேழின் கட்டிலும் விளக்கு எரிந்தது. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. அந்த வாரம் நான்கு தப்பு. அடுத்த வாரம் பதினொன்று, இப்படியே போனால் இருபதைத் தாண்டிவிடும். எல்லாம் மூன்றும் எட்டும், ஐந்தும் ஆறும். கை தப்பவில்லை, கண் தப்புகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. குறிப்பேட்டைத் திறந்தாள், பேனாவை எடுத்தாள், மூடி வைத்தாள். ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போதே எழுந்துபோய், காலியாகக் கிடந்த துளை இயந்திரத்தில் உட்கார்ந்து, தப்பான அட்டைகளைப் புதிதாக அடித்து மாற்றி வைத்தாள். மூன்று வாரம் அப்படி நடந்தது.

மேற்பார்வையாளர் மேஜைக்கு வந்து நின்றார். "உங்க கட்டு எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே போகுதேம்மா. உடம்பு சரியில்லையா?"

"கொஞ்சம் தலைவலி சார்."

"பார்த்துக்குங்க. உங்களை நம்பித்தான் இருக்கேன்."

அன்று துண்டுத்தாளில் எழுதினாள்: "கண்ணை ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன். கவலை வேண்டாம்."

பதில் வரவில்லை. நான்காம் நாள் பதினேழின் கட்டும் வரவில்லை. அதே பகுதியின் கட்டுச் சீட்டில் முப்பத்தொன்று என்று வேறு எண் இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே போய்விட்டாள். நாற்பது இயந்திரங்களின் சத்தத்தில் வாசலில் நின்று பதினேழு எங்கே என்று பொதுவாகக் கேட்டவளுக்கு, ஒரு பெண் தலையை நிமிர்த்தாமலே கையால் கிடங்கு இருக்கும் திசையைக் காட்டினாள்.

கிடங்கில், அட்டைப் பெட்டிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தாட்டியான உடம்பு, இறுக்கமான வாய். எண் ஒட்டும் காகிதத்தை மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டே பிடித்திருந்தார்.

"நீங்கதானே பதினேழு?"

"இப்ப எண் கிண்ணு எதுவும் கிடையாது. நீ யாரு?"

"நான்... சாயங்காலம் சரிபார்க்கிறவ."

அந்த அம்மா காகிதத்தைக் கீழே வைத்தார். "என் தப்பையெல்லாம் மூடி வச்சது நீதானா? நான் உன்னைக் கேட்டேனா?"

அவள் சரிந்திருந்த ஒரு பெட்டியை நேராகத் தள்ளி வைத்தாள்.

"முப்பது வருஷமா என் வேலைல ஒருத்தரும் கை வச்சதில்லை. உன் பொடி எழுத்துச் சீட்டைப் படிக்கக்கூட எனக்கு ஆள் வேண்டியிருந்தது. தெரியுமா? பக்கத்துல இருந்த பொண்ணை விட்டுப் படிக்கச் சொன்னேன். அவ படிச்சா, நாலு பேர் கேட்டாங்க. நானே போய் என்னை எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன். நீ மாட்டிக்கிட்டா உன் வேலையும் போயிருக்கும்."

"மன்னிச்சிடுங்கம்மா. நல்லது பண்றதா நினைச்சேன்."

"நல்லதுதான் பண்ணே," என்றார் அந்த அம்மா, கோபம் குறையாமலே. "உட்காரு. நிக்காத."

உட்கார்ந்தாள். துண்டுத்தாளில் அவ்வளவு எழுதியவர்கள், நேரில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் அவள் மறுநாளும் போனாள். ஷிப்ட் மாறுவதற்கு முன் அரை மணி நேரம், பெட்டிகளின் எண்களைப் படித்துச் சொல்வாள், அந்த அம்மா ஒட்டுவார். அந்த அம்மாவுக்குக் கணவர் இல்லை, மகள் தூரத்து ஊரில் இருக்கிறாள், கண்ணில் புரை, அறுவை சிகிச்சைக்குப் பயம் என்பதெல்லாம் நான்கு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. கணக்கெடுப்பு வேலை முடிந்த அன்று இருவரும் வாசல்வரை சேர்ந்து நடந்தார்கள்.

"மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. போறேன். கண்ணையும் அங்கேயே பார்த்துக்கறேன்."

"எழுதுங்கம்மா."

"கண்ணு வந்தா எழுதறேன்."

ஒரு கடிதம் வந்தது. பெரிய பெரிய எழுத்து, வரிகள் கோணாமல் இருந்தன. இவள் மூன்று எழுதினாள். அதற்குப் பிறகு அங்கிருந்து எதுவும் வரவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து அட்டைகள் போய்த் திரைகள் வந்தன. பயிற்சி கொடுக்க வந்தவர் உற்சாகமாக விளக்கினார். வயதுக்கு நூற்று நாற்பது என்று அடித்தால் கம்ப்யூட்டரே ஏற்காதாம். அடித்ததையே இன்னொருவர் அடித்துப் பார்க்கும் வேலையும் குறைந்துவிடுமாம்.

அவள் கையை உயர்த்தினாள். "இதை முதல்ல அடிச்சது யாருன்னு எங்கே தெரியும்?"

"அது எதுக்கு மேடம்? உள்ளே எங்கேயாவது பதிவாகியிருக்கும். நாம பார்க்க வேண்டியதில்லை."

"சரி சார்," என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் படிவத்தை எடுத்தாள். புதிய விசைகள் சத்தமே போடவில்லை. பக்கத்தில் யாராவது அடிக்கிறார்களா என்பதுகூடத் திரும்பிப் பார்த்தால்தான் தெரிந்தது.